கழுகின் முதுகில் இரண்டு ஆணி

இல்கா சின்னச் சின்ன வட்டக் காகிதங்களை பேட்ஜ்களின் மேல் ஒட்டிக்கொண்டிருந்தாள். கழுகு காலில் பிடித்திருக்கிற ஹிட்லர் சின்னம் முழுசாக மறைய வேண்டும். மறைக்காமல் நாளைக்குச் சந்தையில் பரப்பினால் போலீஸோடு வம்பு. குட்டி மகன் மோரிட்ஸ் உள்ளறையில் தூங்குகிறான். அவன் எழுந்துவிட்டால் ஒரு வேலையும் ஓடாது.

ஜெர்மனியில் இந்தக் காசல் ஊரில் ஹிட்லர் காலத்து விமானப்படை பைலட் பேட்ஜ் யார் கையில் கிடைத்தாலும் கடைசியில் அவள் புருஷன் ருடிகரின் பழம்பொருள் கடையில்தான் வந்து நிற்பார்கள். லென்ஸைக் கண்ணில் வைத்து, பின்பக்கம் ஒரு பார்வை. அசலா போலியா என்று பட்டென்று சொல்லிவிடுவான். தயவு தாட்சண்யம் கிடையாது. காலையில்கூட ஒருவர், "எங்க மாமா நெஞ்சுல குத்தியிருந்ததை இந்தக் கண்ணால பார்த்தேன்யா!" என்று குதித்தார்.

"நீங்க பார்த்தது மாமாவை. நான் பார்க்கிறது தகரத்தை," என்று சொல்லி அனுப்பிவிட்டான்.

போலிகளுக்கென்று ஒரு மரப்பெட்டி உண்டு. சந்தேகம் வந்தால் பக்கத்தில் வைத்துப் பார்க்க. அவனுடைய தாத்தா விட்டுப்போன பேட்ஜும் அதில்தான் கிடந்தது.

"தாத்தா தபால் வண்டி ஓட்டினவர். இதை எவனோ அவர் தலையில கட்டிட்டான்," என்று கல்யாணமான புதிதில் சிரித்துக்கொண்டே காட்டினான். சொந்தத் தாத்தா சாமான் என்றுகூடப் பார்க்காமல் போலியைப் போலி என்கிறானே என்று இல்காவுக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

கதவு மணி கிணுகிணுத்தது. பூக்கடை பெக்மான் அம்மா. மூச்சு வாங்கியது. கைக்குட்டையைப் பிரித்து ஒரு பேட்ஜை மேஜைமேல் வைத்தாள்.

"தம்பி, இது போலிதானே?"

இல்காவின் கை அப்படியே நின்றது. இந்தக் கடையில் எல்லோரும் 'அசல்தானே' என்றுதான் கேட்பார்கள்.

"எங்கப்பா விமானத்தளத்துல சமையல்காரர், தம்பி. போர் முழுக்க உருளைக்கிழங்குதான் உரிச்சேன்னு சொல்லுவார். நேத்து என் பேத்தி பரணைக் குடைஞ்சு இதை எடுத்துட்டா. 'பாட்டி, கொள்ளுத்தாத்தா பைலட்டா'ன்னு ஒரே நச்சரிப்பு."

"கேட்டா கேக்கட்டுமேம்மா."

"என் மருமக ஹாலந்துக்காரி, ரோட்டர்டாம் ஊரு. அவ பாட்டி குடியிருந்த தெருவே போர்ல நம்ம பைலட்டுங்க போட்ட குண்டுல எரிஞ்சுபோச்சு. இன்னிக்கு சம்பந்தியம்மா முதல் தடவையா சாப்பிட வர்றாங்க. வாத்தை அடுப்புல வச்சுட்டு ஓடி வந்திருக்கேன். சாப்பாட்டு மேஜையில அந்தக் குட்டி வாயை மூடிக்கிட்டா இருக்கும்?"

ருடிகர் லென்ஸை எடுத்தான். திருப்பினான். மறுபடி திருப்பினான். இவ்வளவு நேரம் அவன் எதையும் பார்த்து இல்கா கண்டதில்லை.

"போலி," என்றான். "சந்தைச் சரக்கு. உங்கப்பா உருளைக்கிழங்குதான் உரிச்சிருக்கார்."

பெக்மான் அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "அவர் உரிச்சா தோலோட பாதிக் கிழங்கும் போயிடும். 'இந்த லட்சணத்துல எப்படித்தான் உன்னை வேலைக்கு வச்சிருந்தாங்களோ'ன்னு எங்கம்மா திட்டுவாங்க." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இந்தச் சனியனை நீங்களே குப்பையில போடுங்க தம்பி. ஐயோ, என் வாத்து!"

மணி மறுபடி கிணுகிணுத்தது. போய்விட்டாள்.

இல்கா பழக்கதோஷத்தில் அந்த பேட்ஜையும் எடுத்தாள். காகிதம் ஒட்டுவதற்கு முன் திருப்பினாள்.

போலி என்றால் கழுகும் அதைச் சுற்றியிருக்கிற இலை வளையமும் ஒரே வார்ப்பாக இருக்கும். அசலில் கழுகு தனி, வளையம் தனி. பின்னால் இரண்டு சின்ன ஆணி அறைந்து சேர்த்திருப்பார்கள்.

இதில் இரண்டு ஆணி இருந்தது. சட்டையில் உரசி உரசித் தேய்ந்த ஆணி.

 ருடிகரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பேட்ஜை அவன் பக்கம் நீட்டினாள்.

"ருடிகர்... இது அசல்."

"ம்."

"அந்தம்மாவை ஏமாத்தி வாங்கிட்டியா? விக்கறதுக்கா?"

"யார் விக்கப்போறா?"

"பின்ன எதுக்குப் பொய் சொன்னே?"

"இன்னிக்கு ஒரு நாளாவது அந்த வீட்டுல எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடட்டும், இல்கா."

அவளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. இவனைத் திட்டுவதா, கட்டிக்கொள்வதா? ரோட்டர்டாம் சம்பந்தியம்மா இன்னும் கொஞ்ச நேரத்தில் நிம்மதியாக வாத்து சாப்பிடுவாள். அது நல்லதா? அவளுக்கும் சேர்த்துத்தானே பொய் சொல்லியாகிவிட்டது?

ருடிகர் அவள் கையிலிருந்து பேட்ஜை வாங்கினான். மரப்பெட்டியைத் திறந்தான். அதைப் போலிகளோடு போட்டுவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு ஜன்னலோரம் போய் நின்றான்.

போலிப் பெட்டிக்குள் ஓர் அசல். இல்கா பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றாள். அதன் பக்கத்திலேயே ருடிகர் தாத்தாவின் பேட்ஜ் கிடந்தது. இத்தனை வருஷத்தில் அவள் அதைத் தொட்டதில்லை. போலி என்று சொன்னதை யார் திருப்பிப் பார்ப்பார்கள்?

நகத்தால் நெம்பித் திருப்பினாள்.

இரண்டு ஆணி.

"ருடிகர், உங்க தாத்தா தபால் வண்டிதான் ஓட்டினார்னு நீ எங்கிட்ட..."

"மம்மா!" உள்ளறையிலிருந்து மோரிட்ஸ் கூப்பிட்டான்.