கண்ணை மூடிப் போட்ட பொத்தான்

டப்பாவில் மூன்றே பொத்தான்கள் இருந்தன. சீட்டைப் பார்க்கும் முன்பே இரண்டை நடுவில் வைத்தாக வேண்டிய முறை அவளுடையது.

அதற்குப் பெயர் பிளைண்ட். ராஜா வருமா, குப்பை வருமா என்று தெரியாமலே கட்டுவது.

தையல்கடையின் பின்னறையில், ஞாயிறு மதியங்களில், காசுக்குப் பதில் கோட்டுப் பொத்தான் வைத்து ஆடும் போக்கர் அது. பந்தயத்தை ஏற்றுவதென்றாலும் இரண்டிரண்டாகத்தான். டப்பா காலியானவர் நாற்காலியை மடித்துவிட வேண்டும், கடன் கிடையாது. அந்தச் சட்டத்தைப் போட்டவரே அவள் கணவர்தான்.

அவர் போய்ச் சேர்ந்த பிறகு டப்பாவை எடுத்துக்கொண்டு அவளே வந்து உட்கார்ந்தாள். அந்த நாற்காலிக்கு, கூட ஆடும் லிஃப்ட் மெக்கானிக்கின் மச்சான் எப்போதோ துண்டு போட்டு வைத்திருந்தார்.

பிளைண்டில் அவள் கணவரைப் போல மோசமாக ஆடியவர் கிடையாது. இரண்டு பொத்தானை வைத்துவிட்டால் அது பெற்ற பிள்ளை மாதிரி. யார் ஏற்றினாலும் விட மாட்டார். ஏழும் இரண்டும் மாதிரிக் குப்பையை வைத்துக்கொண்டு கடைசிவரை போவார்.

ஆனாலும் சாயங்காலம் செருப்பைக் கழற்றும்போதே டப்பாவைக் குலுக்கிக் காட்டுவார்.

“இன்னும் இருக்குடி.”

போட்டது போனதுதான், அதற்காக மேலும் மேலும் பொத்தானை அழாதீர்கள் என்று அவள் அடுப்படியிலிருந்தே பாடம் எடுப்பாள். அவர் சிரித்துக்கொண்டே முகம் கழுவப் போவார்.

அவள் அப்படி ஆடவில்லை. குப்பை வந்தால் மனசைக் கல்லாக்கிக்கொண்டு சீட்டைக் கவிழ்த்து விட்டுக்கொடுத்தாள். ஜோடி வந்தால் நின்றாள். எல்லோருக்கும் பொதுவாக நடுவில் விழும் சீட்டுகள் கைகொடுக்காவிட்டால் வெட்கப்படாமல் விலகினாள். உன் வீட்டுக்காரரைவிட நீ தேறிவிட்டாய் என்று தையல்காரர்கூடச் சொன்னார். டப்பா மட்டும் இளைத்துக்கொண்டே வந்தது.

இன்று கைக்கு வந்தது ஒன்பதும் நான்கும்.

மூக்குக்கண்ணாடிக் கடை அண்ணன் ஏற்றினார். மற்ற இருவரும் கவிழ்த்துவிட்டார்கள்.

அவள் கற்ற பாடப்படி இது கவிழ்க்க வேண்டிய கை. கவிழ்த்தால் மிஞ்சுவது ஒரு பொத்தான். அடுத்த ஆட்டத்தில் அவள் கட்ட வேண்டிய சின்ன பிளைண்ட், ஒரு பொத்தான், அதையும் விழுங்கிவிடும்.

கணவரைப் போலவே அதையும் எடுத்து நடுவில் வைத்தாள். டப்பாவின் அடித்தகரம் பளிச்சென்று தெரிந்தது.

இனி யாரும் எதுவும் கட்டுவதற்கில்லை. நடுவில் ஐந்து சீட்டுகளும் வரிசையாக விழுந்தன. ஒன்பது இல்லை. நான்கு இல்லை.

அவள் கை தானாக நாற்காலியின் மடிப்புக் கொக்கியைத் தொட்டது.

அவள் தன் சீட்டைத் திருப்புவதற்குள், கண்ணாடிக் கடை அண்ணன் தன்னுடையதைக் கவிழ்த்தபடியே கட்டுக்கு அடியில் செருகினார்.

“நம்ம கை ஒண்ணுக்கும் ஆகலம்மா. நீயே அள்ளிக்கோ.”

தையல்காரர் நிமிரவில்லை. லிஃப்ட் மெக்கானிக் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பொத்தான்களை அள்ளப் போனவள் நின்றாள்.

ஏற்றியவர் அவர். இனி ஒரு பொத்தான்கூடச் செலவில்லை. சீட்டைத் திருப்பிக் காட்டினால் போதும். அந்த இடத்தில் எதிராளியின் சீட்டைப் பார்க்காமல் கவிழ்ப்பவன் உலகத்திலேயே கிடையாது. ஆட்டம் பிடிபடாமல் இருந்திருந்தால் அவளுக்கு இது தெரிந்திருக்காது.

ஏழும் இரண்டும். இத்தனை வருஷம். ஒருநாள்கூட அந்த டப்பா காலியாக வீடு திரும்பியதில்லை.

அவள் தன் ஒன்பதையும் நான்கையும் யாருக்கும் காட்டாமல் கட்டுக்கு அடியில் செருகினாள். பொத்தான்களை அள்ளிப் போட்டு மூடினாள்.

பிறகு டப்பாவைக் காதருகே கொண்டுபோய் ஒருமுறை குலுக்கினாள்.