சிவப்பும் பச்சையும்

அந்தக் காட்டு முதலை கிழமைக்கு ஒரு குளத்தில் மாறி மாறிப் படுக்கும். அதனால் மயில் ஒரு பலகையில் கிழமைவாரியாகக் கட்டம் போட்டு, முதலை இருக்கும் குளத்துக்குச் சிவப்பும் மற்றவற்றுக்குப் பச்சையும் பூசி வைத்தது.

குட்டி போட்டுத் தொண்டை வறண்டு வந்த நாய் பலகையை வெகுநேரம் பார்த்தது. நாயின் கண்ணுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது; எல்லாக் கட்டமும் ஒரே மங்கல் நிறமாகத்தான் தெரிந்தது.

"முதலை இருக்கிற கட்டத்தில் 'முதலை' என்று எழுதிவிடேன், அண்ணா."

"அழகு கெட்டுவிடும். நாற்பது பேர் பார்த்துப் பாராட்டியாகிவிட்டது. உனக்கு மட்டும் என்ன வந்தது?"

"நாற்பது பேரும் மயில்தானே?"

மயில் கழுத்தைத் திருப்பிக்கொண்டது. "பார்க்கப் பார்க்கப் பழகிவிடும்."

நாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. எட்டி மயிலின் தோகையைக் கவ்வி இழுத்தது.

"வா. எது பச்சையோ அதில் முதலில் நீ இறங்கு. நான் குடித்து முடிக்கும்வரை ஏறக் கூடாது."