இருநூற்றுப் பன்னிரண்டாம் ஆள்

நாற்பத்தேழு ரூபாய் ஆறு அணா. இருநூற்றுப் பன்னிரண்டாம் ஆள் தேயிலைத் தோட்டத்துக்குத் தரவேண்டிய கடன் என்று பழைய பேரேட்டில் எழுதியிருந்தது. பெயர் இல்லை. பேச்சாயி தன் கையிலிருந்த புகைப்படத்தைப் பார்த்தாள். நெஞ்சுக்கு நேரே பலகை பிடித்து நிற்கிறார் அவளுடைய தாத்தா. பலகையிலும் 212தான். மக்கள்தொகைக் கணக்கிலோ அவர் இருந்த லயத்து வரிசை வீட்டுக்கு ‘ஆண் இரண்டு, பெண் மூன்று’. சந்தையில் மாட்டை விற்றாலும் நிறமாவது எழுதுவார்கள்.

“உங்க அப்பா இங்க பொறந்தவருன்னு பேரோட காட்டும்மா. அப்பத்தான் வீட்டுமனை எழுத முடியும்,” என்றார் தோட்ட ஆபீஸ் கிளார்க்.

“மூணு தலைமுறையா உங்க தேயிலைக்கு முதுகொடிச்சோம். எங்க பேரெழுத மட்டும் மை தீந்துபோச்சாய்யா?”

“என்கிட்ட ஏம்மா கத்துற? நானா எழுதுனேன்?”

ஐம்பது வயதில் முதியோர் பள்ளிக்குப் போய் எழுத்துக் கற்றவள் அவள். வரிக்கு அடியில் விரலை வைத்து, எழுத்துக் கூட்டி, பக்கம் பக்கமாகப் போனாள். 212 செத்துப்போன நாளில் விரல் நின்றது. ‘கடன் மகன் பேருக்கு மாற்றப்பட்டது. மகன் சங்கிலி, இத்தோட்டத்தில் பிறந்தவன், வயது ஏழு.’

அவளுடைய அப்பாதான்.

“புடிச்சிட்டியேம்மா! இது போதும்,” என்று கிளார்க் நகல் எழுதத் தொடங்கினார்.

“இருங்கய்யா.” அவள் விரல் இன்னும் கீழே போனது. சம்பளத்தில் மாதம் ஒரு ரூபாயும் அரை ரூபாயுமாகப் பிடித்த ஐந்து வருடத்தைக் கடந்து, அப்பாவின் கைநாட்டுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

“இந்த வரியையும் சேத்து எழுதுங்க. அவரு வாங்காத கடன்.”

கிளார்க் அவளை நிமிர்ந்து பார்க்காமல் எழுதினார்: ‘கடன் தீர்ந்தது.’