டிஷ்யூ போட்ட இடம்

மேசைமேல் டிஷ்யூ பாக்கெட்டை வைத்துவிட்டு அவன் நடந்தான்.

அம்மா நகரவில்லை.

மத்தியானம் பன்னிரண்டரை. உணவங்காடி நிலையத்தில் எள் போட்டால் விழாது. தட்டேந்திய கூட்டம் மேசை மேசையாக இடம் தேடி அலைந்துகொண்டிருந்தது.

"இந்தக் காயிதத்த நம்பியா எடத்த விட்டுட்டு வர்ற?" என்றாள் அம்மா. "மன்னார்குடி பஸ்ஸுல துண்டு போட்டாலே தூக்கிக் கடாசிட்டு உக்காருவான். இங்க உள்ளவன்லாம் என்ன உத்தமனா?"

"வாம்மா. ஒருத்தரும் தொட மாட்டாங்க."

வந்தாள். பத்தடிக்கு ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தாள். கை தன்பாட்டில் இடுப்பில் செருகிய வீட்டுச் சாவியைத் தடவியது. மூன்று நாளாக அந்தச் சாவி இடுப்பை விட்டு இறங்கவில்லை. தூங்கும்போதுகூட.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டு வருடம் முன்னால் அவன் மட்டும் என்ன வாழ்ந்தது?

அப்பா சிங்கப்பூர்க் குடிமகன். மன்னார்குடியிலேயே வளர்ந்த மகனுக்கும் அந்தக் குடியுரிமை வந்தது. கூடவே தேசிய சேவை என்ற இரண்டு வருடக் கட்டாய ராணுவமும் வந்தது. அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். சட்டம் போகவில்லை.

"ரெண்டே வருசம்மா. முடிஞ்ச கையோட உன் வாசல்ல வந்து நிப்பேன்."

பதினெட்டு வயதில், விமான நிலையத்தில், மூக்கொழுகச் சொன்ன வார்த்தை. அம்மா அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

முதல் மாதம் இந்த ஊரை வாய்க்கு வந்தபடி திட்டினான். மொட்டைத் தலை. கொப்புளம் கண்ட கால். தலையும் வாலும் புரியாத ஆங்கிலம்.

முகாமிலிருந்து வெளியே விட்ட முதல் சனிக்கிழமை இங்கேதான் வந்தான். சீருடையோடு.

ஒரு மேசை காலி. மேலே டிஷ்யூ பாக்கெட். பாவம், யாரோ மறந்துவிட்டார்கள் என்று நினைத்தான்.

பிரித்தான். முகம் துடைத்தான். கழுத்தைத் துடைத்தான். சவுகரியமாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான்.

ஒரு சீனப் பெண்மணி தட்டோடு வந்து நின்றாள். அம்மா வயதிருக்கும். கசங்கிய டிஷ்யூவைப் பார்த்தாள். அவன் மொட்டைத் தலையைப் பார்த்தாள்.

டிஷ்யூ வைத்தவர் திரும்பி வருவார், அந்த இடம் அவருக்குத்தான் என்று பக்கத்து மேசைக்காரர் சொன்னதும் அவனுக்கு மானம் போயிற்று. பதறி எழுந்தான்.

அவள் அவன் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். எதிரே உட்கார்ந்தாள். தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அவன் தட்டில் வைத்தாள்.

அன்றைக்கு விழுந்தவன்தான்.

அப்புறம் எல்லாமே பிடித்துப்போனது. மாடிப் பேருந்தின் முன்னிருக்கை. மழையில் வீட்டு வாசல்வரை நனையாமல் கூட்டிப்போகும் நடைபாதைக் கூரை. முதுகில் மூட்டையோடு இருபத்துநாலு கிலோமீட்டர் நடந்து முடித்த காலையில், எதிரே வெயில் பட்டு நின்ற ஊர்.

"யப்பா! இது என் ஊருடா" என்று வாய்விட்டே சொன்னான். பக்கத்தில் நடந்த முகாம் நண்பன் ஹஃபீஸ் அவனுக்கு வெயில் ஏறிவிட்டதென்று தண்ணீர் கொடுத்தான்.

நேற்றோடு சேவை முடிந்தது.

அவனைக் கூட்டிப்போக அம்மா முதல் முறையாக விமானம் ஏறி வந்திருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைக்கு இரண்டு டிக்கெட். இரண்டும் அவள் கைப்பையில்.

அவளிடம் இன்னும் சொல்லவில்லை. துப்பாக்கி தூக்கியவனுக்கு இதற்கு வாய் வரவில்லை.

தட்டுகளோடு திரும்பினார்கள்.

மேசை அப்படியே இருந்தது. பாக்கெட் அப்படியே இருந்தது. சுற்றிலும் ஆட்கள் தட்டோடு நின்றிருந்தார்கள்.

அம்மா பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"அட! நல்ல சனந்தான்."

உட்கார்ந்தாள். மீ கோரெங் என்ற வறுத்த நூடுல்ஸை, சேமியா கணக்காக இருக்கிறது என்று சொல்லிச் சொல்லி, ஒரு இழை விடாமல் சாப்பிட்டாள். அவன் தன் தட்டைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அவள் கடைசி வாய் போட்டதும் சொன்னான்.

"நான் வரலம்மா. இங்கயே வேலை கெடச்சிருக்கு. இந்த ஊரு எனக்குப் புடிச்சிருக்கு. நீயும் எங்கூட வந்து இரேன்."

சொல்லிவிட்டான். அவனுக்கே ஆச்சரியம்.

அம்மா மூக்கை உறிஞ்சினாள். ஒரு டிஷ்யூவை உருவினாள். கைப்பையை மாட்டிக்கொண்டாள். காலித் தட்டை எடுத்துக்கொண்டாள். குனிந்து புடவையைச் சரிசெய்தாள்.

"எங்கம்மா?"

அவள் கூட்டத்துக்குள் போய்விட்டாள்.

பின்னாலேயே ஓடலாமா? எழப்போனவன் உட்கார்ந்துகொண்டான். அழட்டும். அழுதுவிட்டு வரட்டும். மறுபடி கேட்டாலும் இதையேதான் சொல்வான்.

ஐந்து நிமிடம் போனது. அம்மாவைக் காணோம்.

தட்டோடு ஒரு பெரியவர் வந்தார். எதிரே காலியா என்று கேட்க வாயெடுத்தார். முக்காலியைப் பார்த்தார். சாரி என்று தலையசைத்துவிட்டு அடுத்த மேசைக்கு நகர்ந்தார்.

அவன் எக்கிப் பார்த்தான்.

முக்காலியின் நடுவில் டிஷ்யூ பாக்கெட்.

மின்விசிறிக் காற்றில் பறந்துவிடாமல் இருக்க, மேலே மன்னார்குடி வீட்டுச் சாவி.

ஆறிப்போன மீ கோரெங்கை அவன் சாப்பிட ஆரம்பித்தான்.