தகரம்

பத்து எம்எம் தகட்டை ஸ்பேனரால் தட்டினால் மொத்தென்று இருக்கும். ஆறு எம்எம் கொஞ்சம் பாடும்.

அவன் இரண்டையும் மாறி மாறித் தட்டிக்கொண்டிருந்தான். இரண்டும் பட்டறைச் சுவரில் சாய்ந்து நின்றன. கேஸ் கட்டரைப் பற்றவைத்தான். அணைத்தான். மறுபடி பற்றவைத்து மறுபடி அணைத்தான்.

செய்ய வேண்டியது அண்ணனின் டிராக்டருக்கு முன்னால் மாட்டும் பக்கெட். தேங்காய் நார் உரிக்கும் மஞ்சி மில் களத்தில் மலையாகக் குவியும் கழிவை அள்ளித் தள்ளுவதற்கு.

அண்ணி போனில் சொன்னது ஒன்றுதான்.

"உங்கண்ணன் நல்லாக் கனமாப் போடோணும்னு சொன்னாருங்க தம்பி."

கனமா.

அந்தச் சொல்லில்தான் வம்பே. தடிமன் வேண்டும் என்கிறாரா, பாரம் வேண்டும் என்கிறாரா? தகட்டில் ஒன்றை வாங்கினால் மற்றது கூடவே வந்துவிடும்.

அண்ணன் நேரில் சொல்ல மாட்டார். மூன்று வருஷத்துக்கு முன் அவர் வீட்டுப் புதுமனை புகுவிழா நடந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் பேச்சில்லை.

அந்த வீட்டு வாசலுக்கு இரும்புக் கேட் அடித்துக் கொடுத்தது அவன்தான். விழாவுக்கு வந்த மச்சான் ஒருவர் மோதிர விரலால் கேட்டைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். அவ்வளவுதான், அண்ணனுக்கு மானம் போய்விட்டது. பந்தி நடுவில் நின்று சொன்னார், தம்பி எனக்குத் தகரத்தில் அடித்துக் கொடுத்துவிட்டான் என்று.

தகரம்.

இரும்பு வேலை செய்கிறவனை அதைவிடக் கேவலமாகத் திட்ட முடியாது. அவன் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்துவிட்டு எழுந்தான். வார்த்தை தடித்தது. எல்லாம் தகடு மெலிந்துபோனதற்காக.

கேட்டின் தூண்கள் அப்போதுதான் கட்டியவை. ஈரம் காயவில்லை. கனமான கேட்டை மாட்டினால் தூணையும் இழுத்துக்கொண்டு சாய்ந்திருக்கும். அதனால்தான் மெல்லிய தகடு. இதை அவன் அன்று சொல்லவில்லை. ரோஷம். அண்ணனும் ஏன் என்று கேட்கவில்லை.

ஆனாலும் இரும்பு வேலை என்று வந்தால் அண்ணன் வேறு பட்டறை வாசலை மிதிப்பதில்லை. முகம் பார்க்காத தம்பியிடம்தான் எல்லாம் வர வேண்டும். இது கோபத்தில் என்ன வகை என்று இரண்டு வீட்டிலும் யாருக்கும் புரியவில்லை.

இப்போது பத்தைப் போட்டுவிட்டால் போதும். அண்ணன் வந்து தட்டிப் பார்ப்பார். மொத்தென்று இருக்கும். தகரம் என்ற சொல் அதோடு செத்துவிடும். கேட்டதைத்தானே கொடுத்தான் என்று ஊரும் சொல்லும்.

அவனுக்கு ஆசையாகத்தான் இருந்தது.

ஆனால் அண்ணனுடையது சின்ன வண்டி. பழசு வேறு. பத்தில் அடித்தால் வெறும் பக்கெட்டே வண்டியின் தெம்பில் பாதியைத் தின்றுவிடும். மழையில் ஊறிய கழிவை அள்ளித் தூக்கிக்கொண்டு குவியல்மேல் ஏறும்போது பின்சக்கரம் தரையை விட்டுவிடும்.

ஓட்டுவதற்கு ஆள் வைத்திருந்தாலாவது பரவாயில்லை. அண்ணனேதான் ஓட்டுகிறார்.

கவிழ்ந்து கிடந்த டிராக்டர் ஒன்றுக்கு அவனை ஒருமுறை கட்டரோடு கூட்டிப் போயிருந்தார்கள். ஸ்டியரிங்கை அறுத்து எடுத்த பிறகுதான் ஓட்டியவரை வெளியே எடுக்க முடிந்தது. யாரோ ஒருவர். ஆனாலும் அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் ஆறு எம்எம் தகட்டை இழுத்துத் தரையில் போட்டான். அது கிணுகிணுவென்று நெடுநேரம் அதிர்ந்தது. சும்மா கிட என்று அதைத் திட்டினான்.

பக்கெட்டின் வாய்க்கு மட்டும் பதினாறு எம்எம் பட்டை. தரையில் உரசித் தேய்வது வாய்தான். அடியில் குறுக்கே பட்டைகள் வைத்து வெல்டிங் அடித்தான். உடம்பு மெலிந்து, வாய் தடித்து வந்து நின்றது. அண்ணனுக்கு அப்படியே பொருந்துகிறது என்று சிரித்துக்கொண்டான். பிறகு, இதைத் தட்டிப் பார்க்க அவர் வருவாரே என்று நினைத்ததும் சிரிப்பு நின்றது.

அண்ணன் வந்தார்.

டிராக்டரை வாசலில் நிறுத்தினார். அவனைப் பார்க்கவில்லை. நேரே பக்கெட்டிடம் போனார். கையிலிருந்த சாவியால் தட்டினார்.

பாடியது.

நகர்ந்து போய் வேறு இடத்தில் தட்டினார். அங்கேயும் பாடியது.

அவன் வெல்டிங் கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான். பயமாக இருந்தது. மூன்று வருஷம் கழித்து அவர் வாயிலிருந்து வரும் முதல் சொல் அதே சொல்லாகத்தான் இருக்கப்போகிறது. அதுவாக இருந்தாலும் வரட்டும் என்றும் இருந்தது.

அண்ணன் வாயைத் திறந்தார். மூடினார். குனிந்து அந்தத் தடித்த பட்டையைக் கட்டைவிரலால் தடவினார்.

"ஏண்டா ஆறு?"

கேள்வி. அவன் திட்டுக்குத்தான் தயாராக இருந்தான்.

"கனமாப் போட்டா வண்டி உங்களக் கவுத்துப்போடுங்ணா."

அவ்வளவுதான் வந்தது. ஊறிய கழிவு, பின்சக்கரம், அறுத்த ஸ்டியரிங் எல்லாம் உள்ளேயே நின்றுவிட்டன.

அண்ணன் வண்டியின் பின்சக்கரத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

பக்கெட்டைச் செயினில் தூக்கி, ஆளுக்கொரு பக்கம் பிடித்து வண்டியில் மாட்டினார்கள். அவன் துளைக்கு நேராகப் பிடித்துக்கொடுக்க, அண்ணன் இரும்புப் பின்னை வைத்துச் சுத்தியலால் அடித்தார். அடி அவன் விரலில் படாமல் பார்த்துப் பார்த்து அடித்தார்.

பிறகு ஏறி உட்கார்ந்தார். சாவியைப் போட்டார்.

திருகவில்லை.

"அப்ப, அந்தக் கேட்டு ஏண்டா மெலிசு?"