மே மாதத்துக்கு முன் இல்லை

"மார்ச்" என்றார் கர்டிஸ், பென்சிலை வெர்னாவின் பக்கம் உருட்டிவிட்டபடி.

வெர்னா டில்லட்சன் பென்சிலைத் தொடவில்லை.

ஹூஸ்டனில் அந்தக் கூட்ட அறையில் இரண்டு வருடங்களுக்கும் மேலாக யாரும் தேதி என்ற பேச்சையே எடுத்ததில்லை. கடைசியாகப் போன விண்கலம் உள்ளே இருந்த ஆட்களோடு அழிந்துபோன நாளிலிருந்து, மற்ற கலங்கள் கொட்டகையைத் தாண்டவில்லை.

இப்போது மேலிடம் கேட்டிருந்தது. மறுபடி எப்போது ஆட்களை ஏற்றி அனுப்புவீர்கள்? உத்தேசமாக ஒரு தேதி போதும்.

இனிமேல் பகலில்தான் ஏவ வேண்டும் என்பது புது விதி. எது உதிர்ந்து விழுந்தாலும் கேமராவில் தெரிய வேண்டும். அந்த விதிக்கும், மேலே சுற்றிக்கொண்டிருக்கும் விண்வெளி நிலையத்தின் பாதைக்கும் ஒத்துவருகிற நாட்கள் கொஞ்சம்தான். மார்ச்சில் சில நாட்கள். அதை விட்டால் மே கடைசி.

எரிபொருள் தொட்டியின் மேல்பூச்சை மாற்றியிருந்தார்கள்; போன தடவை கலத்தைக் கெடுத்தது அதிலிருந்து உதிர்ந்த துண்டுதான். அது தாங்குமா என்று பார்க்கும் சோதனை ஏப்ரலில்தான் முடியும்.

"உத்தேசம்தானே வெர்னா? பென்சில்ல போடு. தள்ளிப்போனா ரப்பர் எடுத்து அழிச்சுக்கலாம்" என்றார் கர்டிஸ். திட்டத்துக்கே அவர்தான் தலைவர்.

"தாள்ல மார்ச்னு இருந்தா சோதனையைத்தான் சுருக்குவாங்க கர்டிஸ். தேதியை ஒருத்தரும் தொடமாட்டாங்க."

மேஜையின் மறுகோடியில் ராய்ஸ் லிண்ட்கிரன் உரக்கச் சிரித்தார்.

ஏறிப் போகிறவர் அவர்தான். அந்தப் பயணத்தின் கமாண்டர். நாற்காலியைப் பின்னால் சாய்த்து, பூட்ஸ் காலை மேஜைக் காலில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார்.

"அம்மா தாயே, உங்க கையில விட்டா அந்தக் கலம் நேரா மியூசியத்துக்குத்தான் போகும். நாளைக்கு ஏறச் சொன்னாலும் நானும் என் ஆளுங்களும் ரெடி."

அறையே சிரித்தது.

"கேட்டியா? உள்ள உட்கார்ந்து போறவரே தயார்ங்கறார். கீழே உட்கார்ந்து காப்பி குடிக்கிற உனக்கென்ன பயம்?" என்றார் கர்டிஸ்.

வெர்னாவின் காது மடல் சூடாகியது. இந்த அறையில் இத்தனை வருடங்களில் அவள் இவ்வளவு நேரம் முரண்டு பிடித்ததில்லை. மேலே இருப்பவர்கள் ஒரு தேதி சொல்வார்கள், அவள் முணுமுணுப்பாள், பிறகு பென்சிலை எடுப்பாள். அதுதான் வழக்கம்.

ஏவும் தேதிகளைக் குறிப்பது அவள் பிரிவு; அதன் கையெழுத்து இல்லாமல் அட்டவணை வெளியே போகாது. அவளை நீக்கிவிட்டு வேறொருவரிடம் வாங்கலாம். கர்டிஸ் அதையும் யோசித்துக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

"மார்ச்னா நான் போடமாட்டேன். ஆளை மாத்திக்கோங்க. ஏன் மாத்தினீங்கன்னு மேலிடத்துல கேட்டா, நானே போய்ச் சொல்றேன்."

யாரும் இப்போது சிரிக்கவில்லை.

ராய்ஸ்தான் மறுபடி வாயைத் திறந்தார். "எழுதிக்குங்கப்பா. என் பொண்ணு புள்ளை பெத்து, அது பள்ளிக்கூடம் போன பிறகுதான் நான் மேலே போவேன். நடக்கட்டும்." கையிலிருந்த ஃபைலை மேஜையில் அறைந்துவிட்டு எழுந்து போனார்.

கர்டிஸ் கண்ணாடியைக் கழற்றி முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

"சரி. மே. ஆனா கிறிஸ்துமஸ்னு ஏதாவது ஆரம்பிச்சே..."

வெர்னா பென்சிலை எடுத்தாள். 'மே மாதத்துக்கு முன் இல்லை' என்று எழுதினாள். அவர்கள் தேதி எழுதுகிற முறையே அதுதான்.

அட்டவணை வெளியே போவதற்குள் கமாண்டரின் வீட்டுக்கு ஃபோன் செய்வதும் அவள் வேலை. டி.வி. பார்த்து வீட்டார் தெரிந்துகொள்ளக் கூடாது.

ராய்ஸின் மனைவி நடீன் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"மே" என்றாள் வெர்னா.

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு ஒன்று கேட்டது.

"அப்போ பொண்ணோட ஏப்ரல் கல்யாணத்தை மாத்த வேண்டாம். மார்ச்னு சொல்லிட்டா அவசர அவசரமா பிப்ரவரியிலயே முடிக்கணுமேன்னு பாதிரியார்கிட்ட கெஞ்சிட்டு இருந்தேன்."

விண்வெளிக்குப் போகிறவர்கள் வீட்டில் எல்லா விசேஷத்தையும் அவர்கள் கிளம்புவதற்கு முன்பே முடித்துவிடுவார்கள். ஏன் என்று யாரும் கேட்பதில்லை.

"ராய்ஸ் என்ன சொன்னார்? ஒரு வாரமா வீட்ல உன்னைத் திட்டித் தீர்க்கறார். நீதான் முட்டுக்கட்டையாம்."

"இன்னைக்கும் நல்லா திட்டினார்."

"மனசுல வெச்சுக்காதே வெர்னா. அந்த மனுஷனுக்குப் பயம்னா என்னன்னே தெரியாது."

"தெரியும் நடீன், விடு" என்று ஃபோனை வைத்தாள்.

போன வெள்ளிக்கிழமை, வண்டி நிறுத்துமிடத்தில், வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில் ராய்ஸ் அவளுடைய கார்க் கண்ணாடியைத் தட்டினார். அவள் இறக்கினாள். அவர் குனிந்தார். யாரோ வழி கேட்பதுபோல இருந்தது, தூரத்திலிருந்து பார்த்தால்.

"மார்ச்னு கேட்பாங்க. விட்டுடாதே. நான் உனக்கு எதிராத்தான் பேசுவேன், அசிங்கமாவும் பேசுவேன். அப்பவும் விடாதே."

"நீங்களே சொல்லலாமே ராய்ஸ்? பறக்கப் போறவர் சொன்னா உடனே கேட்பாங்க."

"கேட்பாங்க. கேட்டுட்டு என் இடத்துல வேற ஒருத்தனை உட்கார வைப்பாங்க."

அவர் நிமிர்ந்து, கண்ணாடி விளிம்பிலிருந்து கையை எடுத்தார்.

"அவனும் ரெடின்னுதான் சொல்வான்."