ரெண்டடி வித்தியாசம்

"'அவள் கதவைத் தட்டினாள். உள்ளே காலடிச் சத்தம் கேட்டது.' சரி, இன்னிக்கு இது போதும்."

"தட்டினவளை வாசல்ல நிறுத்திட்டு எப்படிங்க போதும்ங்கறீங்க? படிங்க. கொஞ்சம் சத்தமாவே படிங்க."

"கண்ணுக்குத்தானே ஆபரேஷன் பண்ணாங்க? காதுக்கும் சேர்த்துப் பண்ணிட்டாங்களா?"

கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்த மனைவி சிரித்தாள். கண் புரை எடுத்து ஒரு வாரம் ஆகிறது. பதினைந்து நாளைக்கு ஓர் எழுத்தைக்கூடப் பார்க்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. பெண்கள், குடும்ப ரகசியம், பெட்டிக்கு அடியில் பழைய கடிதம் என்று வாரத்துக்கு இரண்டு நாவல் விழுங்குகிறவளைப் பட்டினி போட்டது போல ஆகிவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் நூலகத்திலிருந்து அவள் எடுத்து வந்திருந்த புத்தம் புது நாவலைத் தினமும் நாலு மணிக்கு வாசித்துக் காட்டும் வேலை அவள் கணவர் சர்வேயர் தலையில் விழுந்தது.

முப்பத்தாறு வருஷம் நிலம் அளந்து ஓய்வு பெற்றவர் அவர். நட்ட கல் நட்டதுதான், பேச்சும் அப்படியே. "பொழுது போகாதவங்க எழுதறது, வேலை இல்லாதவங்க படிக்கறது" என்று முதல் நாள் மூக்கால் அழுதுகொண்டுதான் உட்கார்ந்தார். மூன்றாம் நாள் மூணே முக்காலுக்கே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

கதையில் ஒரு ஜவுளிக்கடை முதலாளி. அந்தக் கடை உண்மையில் அவருடைய தங்கைக்குச் சேர வேண்டியது. காலமெல்லாம் மூடி வைத்த ரகசியத்தை அவர் பெற்ற மகளே போட்டு உடைத்துவிடுகிறாள். இனி என் வாசற்படி மிதிக்காதே என்று விரட்டிவிடுகிறார் அப்பா.

"அந்தப் பொண்ணு செஞ்சது சரிதானேங்க?" என்றாள் மனைவி.

"பெத்த அப்பனை நாலு பேர் முன்னால தலைகுனிய வெச்சிருக்கா. அதுல என்ன சரி?"

"உண்மையைத்தானே சொன்னா?"

சர்வேயர் பக்கத்தைத் திருப்பினார். பேச்சு எங்கே போகிறது என்று தெரியாதவரா அவர்?

அவருடைய ஒரே மகளும் சர்வேயர்தான். அவர் எப்போதோ அளந்து கல் நட்ட ஓர் இடத்தை, இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வழக்குக்காக மறுபடி அளந்தாள். எல்லை இரண்டடி தள்ளியிருக்கிறது என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டாள். அன்றைக்கு நின்றது பேச்சு. அவள் போன் செய்தால் எடுக்க மாட்டார். வந்தால் மாடிக்குப் போய்விடுவார். அவளும் எத்தனை நாள் வருவாள்? நிறுத்திவிட்டாள்.

அதற்கப்புறம் ஒருநாள், வீட்டில்கூடச் சொல்லாமல், டேப்பை எடுத்துக்கொண்டு அவரே போய் அளந்து பார்த்தார். இரண்டடி இருக்கத்தான் இருந்தது. அதை எந்த முகத்தை வைத்துக்கொண்டு மகளிடம் சொல்வது? நாள் போகப் போக நாக்கு இன்னும் கனத்துப்போனது.

மறுநாள் நாலு மணிக்கு நாவலின் கடைசி அத்தியாயம். மனைவி தண்ணீர் குடிக்க எழுந்து போன நேரத்தில், மனசு கேட்காமல் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். புதுப் புத்தகத்தில் அந்தப் பக்கத்தில் மட்டும் ஒரு காபிக் கறை. மகள் மழையில் கடை வாசலில் நிற்கிறாள். அப்பா பார்க்கிறார். பார்த்துக்கொண்டே ஷட்டரை இழுத்து மூடுகிறார். அவ்வளவுதான், முற்றும்.

"சே, இவனெல்லாம் ஒரு மனுஷனா?" என்று ஜவுளிக்கடைக்காரரைத் திட்டினார் சர்வேயர்.

மனைவி வந்து சாய்ந்துகொண்டாள். வழக்கம் போலக் கைபேசியைத் தலையணை ஓரத்தில் குப்புற வைத்தாள். கண்ணுக்கு மருந்து விட அலாரம் வைத்திருக்கிறாளாம். "ம், ஆரம்பிங்க."

ஆரம்பித்தார். கடைசிப் பக்கம் வந்தது.

"'மகள் மழையில் நின்றாள். அப்பா பார்த்தார்.'"

"அப்புறம்?"

"'அப்பா... அப்பா ஷட்டரைத் தூக்கிவிட்டு வெளியே ஓடி வந்தார்.'" சர்வேயரின் கண் புத்தகத்தில் இல்லை, ஜன்னலில் இருந்தது. "'உள்ள வாம்மா, நனையாதே. நீ சொன்னதுதான் சரி. நானும் போய் அளந்து பார்த்துட்டேன். தப்பு என்னோடதுதான். அதைச் சொல்லத்தான் இந்தப் பாழாப்போன வாய் வரல. நீ இல்லாம வீடு வீடாவே இல்லம்மா.'"

"ஜவுளிக்கடைக்காரர் எதைங்க அளந்து பார்த்தார்?"

"துணியைத்தான். வேற எதை அளப்பான்?"

"அதானே. அப்புறம்?"

"அப்புறம் என்ன, முற்றும்." புத்தகத்தை மூடிவிட்டு மூக்கை உறிஞ்சினார்.

"நல்ல முடிவுங்க. அந்தக் காபிக் கறைக்குக் கீழ இவ்வளவு இருக்கறது எனக்குத் தெரியாமப் போச்சே."

சர்வேயர் நிமிர்ந்தார். "காபிக் கறையா? உனக்கெப்படித் தெரியும்?"

"கடைசிப் பக்கத்தைப் படிக்காம என்னிக்கு நான் முதல் பக்கத்தைத் திறந்திருக்கேன்? காபியைக் கொட்டினதே நான்தான்."

தலையணை ஓரத்துக் கைபேசியை எடுத்து வாயருகே வைத்துக்கொண்டாள். "தினமும் நாலு மணிக்கு அப்பா குரலைக் கேட்டாலே போதும்னியே, இன்னிக்குக் கேட்டியாடி? புத்தகத்துல அந்த ஆள் ஷட்டரை மூடிட்டான், தூக்கினது உங்கப்பா."